ஆதார் ஜெராக்ஸின் எச்சவியல்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பதாவது இயலுக்கு எச்சவியல் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் பெயரெச்சமும் வினையெச்சமும் படித்தவர்களுக்கு எச்சம் என்றால் என்னவென்று நினைவிருக்கும்: முடியாமல் நிற்கிற சொல். ‘கொடுத்த’ என்று நிறுத்தினால், அடுத்தவர் தமக்கு வேண்டியதைச் சேர்த்து முடித்துக்கொள்ளலாம். கொடுத்த கை, கொடுத்த வாக்கு, கொடுத்த கடன். ஆதார் அட்டையின் ஜெராக்ஸும் இந்த இனத்தைச் சேர்ந்ததே என்பது இக்கட்டுரையின் துணிபு.

சென்ற மாதம் தள்ளுவண்டியில் வறுகடலை வாங்கினேன். கூம்பாகச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தால், யாரோ ஒரு பெண்மணியின் ஆதார் நகல். ஜெராக்ஸ் இயந்திரம் அவர் முகத்தைக் கருந்திட்டாக்கியிருந்தது. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. பெயர், பிறந்த தேதி, கதவு எண், தெரு, 12 இலக்கம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அவரை அடையாளம் காண உதவும் ஒன்றே ஒன்று அழிந்துபோய், அவராக நடிப்பதற்கு வேண்டியதெல்லாம் மிஞ்சியிருந்தது. கீழே கையெழுத்து உண்டு. யாரிடம், எதற்காக, என்றைக்குக் கொடுத்தார் என்று ஒரு சொல் இல்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எரித்தேன். மனசு ஆறவில்லை. அது எத்தனையாவது நகலோ!

அந்த 12 இலக்கத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு. முதல் இலக்கம் 0, 1 ஆக வராது. கடைசி இலக்கம், முன்னுள்ள 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வைத்த சோதனை எண். டச்சுக் கணிதர் வெர்ஹோஃப் 1969இல் வெளியிட்ட முறை. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றினாலும் கணினி பிழையென்று சொல்லிவிடும். சரியான எண்ணைத் தவறான ஆள் எழுதினால் அந்தக் கணக்குக்குத் தெரியாது. காரணம் எளிது: ஆதார் எண் ஒரு பெயர்ச்சொல். ஆளைச் சுட்டுமே தவிர, எதையும் செய்யாது. பணத்தை நகர்த்தும் வினைகள் வேறு: ஓடிபி, கைரேகை, முகப்பதிவு.

திருடன் பெயரை வைத்துக்கொண்டுதான் வினையைத் தேடி வருவான். “அம்மா, உங்க கேஒய்சி முடியப்போகுது, ஆதார் நம்பர் இதுதானே?” என்று அவன் கேட்கும்போது எண் சரியாக இருக்கும், அதனால்தான் நம்பி ஓடிபியைச் சொல்லிவிடுகிறோம். கைரேகையும் பத்திரமாக இல்லை. பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து கைரேகைகளை எடுத்து, அச்சு வார்த்து, அவற்றால் சிம் கார்டுகளை உயிர்ப்பித்த ஒருவர் 2018இல் தெலங்கானாவில் பிடிபட்டார். வீடு வாங்கியதற்குச் சான்றாக வைத்த ரேகை, வேறொருவனுக்கு விரலானது.

நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே 27இல் அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி, இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. பெற்றிருக்க வேண்டியதில்லை என்பேன். மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இன்றும் இறக்கிக்கொள்ளலாம். ஆணையத்தின் செயலியில் கைரேகையைப் பூட்டிவைத்து, தேவைப்படும்போது திறக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகின்றன என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் காட்டும். வாங்காத கடன் ஏதேனும் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று அறிய, கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். அக்கம்பக்கத்தில் யோசனை கேட்டு முடிப்பதற்குள் பணம் பல கணக்குகள் தாண்டிவிடும்.

இனி எச்சத்தை முற்றாக்கும் வழி. காகித நகல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் இடங்கள் இன்னும் நிறைய. அங்கே கொடுக்கும் தாளின் குறுக்கே, எழுத்துகள் மேலேயே படும்படி எழுதுங்கள்: ‘எரிவாயு இணைப்புக்கு மட்டும்’, இன்ன நிறுவனத்துக்கு, இன்ன தேதி. அதன் மேல் கையெழுத்து. அந்த வாசகத்தை அழிக்கப் பார்த்தால் அடியிலுள்ள எழுத்தும் சேர்ந்து கெடும். அடுத்த முறை ஜெராக்ஸ் கடையில் தாள் சூடாக வெளியே வந்ததும், அங்கேயே ஒரு பேனா கேட்டு வாங்கி எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.