ஒற்றாடல் அதிகாரமும் வீட்டுக் கணினியும்: ஓர் ஆய்வு

பரிமேலழகர் உள்ளிட்ட பழைய உரைகாரர்கள் எவரிடமும் விண்டோஸ் எக்ஸ்பி கணினி இருந்ததாகச் சான்று இல்லை. இக்குறையால், திருக்குறளின் 59-ஆம் அதிகாரமான ஒற்றாடல் அரசனுக்குச் சொன்னது என்றே இன்றுவரை பிழையாகப் பொருள் கொள்ளப்பட்டு வருகிறது. அது 2001-க்கும் 2008-க்கும் இடைப்பட்ட காலத்து வீட்டுக் கணினியிலிருந்து ஓசியில் ஸ்பைவேரை, அதாவது வேவு நிரலை, நீக்குவதற்கான கையேடு என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

முதலில் ஆய்வுக்களம். ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த சிஸ்டம் ஒன்று, பூப்போட்ட உறை போர்த்தி, ஹாலின் மூலையில் இருக்கிறது. ஜாதகம் பார்க்கும் தாத்தா, பாட்டு இறக்கும் கல்லூரி மகன், விளையாடும் பேத்தி ஆகிய மூவருக்கும் ஒரே பயனர் கணக்கு. அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. எனவே யார் ‘நெக்ஸ்ட்’ அழுத்தினாலும் மொத்த வீடும் சம்மதித்ததாகவே விண்டோஸ் கருதும்.

ஒற்றன் துறவி வேடத்தில் வருவான், என்ன செய்தாலும் சோர்ந்துபோக மாட்டான் என்கிறது 586-ஆம் குறள். பின்பாதி அப்படியே பொருந்துகிறது: கண்ட்ரோல் பேனலில் போய் நீக்கினாலும் அவன் சோர்வதில்லை. முன்பாதியில்தான் பாடபேதம் இருக்க வேண்டும். பான்சி படி என்ற புகழ்பெற்ற நிரல் முதலில் பச்சைக் கிளியாகவும், பிறகு ஊதா நிறக் கொரில்லாவாகவும் வந்தது. பேசும், பாடும், ஜோக் அடிக்கும். சந்தடி சாக்கில் பிரவுசரின் முகப்புப் பக்கத்தை மாற்றிவிடும், வீட்டாரைப் பற்றித் தகவலும் திரட்டும். துறவி வேடத்துக்குக் குழந்தைகளிடம் கிராக்கி இல்லை என்பதை அதன் உரிமையாளர்கள் அறிந்திருந்தனர்.

ஒற்றனை ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும் என்பது 589. ஸ்பைவேர் எழுதியவர்கள் இந்த விதியை அப்பட்டமாக மீறினார்கள். இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று பார்த்தபடியே ஓடும். டாஸ்க் மேனேஜரில் ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை எழுப்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை அழிக்கவும் விண்டோஸ் விடாது. இதற்கு மருந்து சேஃப் மோட். கணினி தொடங்கும்போது எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால், அத்தியாவசியமானவை மட்டும் எழும். வழக்கமாகத் தானாகத் தொடங்கும் ஒற்றர்களில் பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருப்பார்கள். அந்நேரத்தில் ஸ்கேன் ஓட்டுவதே முறை. இதைப் போரறத்துக்கு மாறானது என்பாரும் உளர்.

இனி அதிகாரத்தின் உச்சமான 588. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது அது. ஆட்-அவேர் என்ற ஸ்பைவேர் நீக்கியை ஓட்டி முடித்ததும் ஸ்பைபாட் என்ற இன்னொன்றையும் ஓட்ட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொன்னதில்லை. 1999-இல் லாவாசாஃப்ட் வெளியிட்ட ஆட்-அவேர், சாதாரண விளம்பரக் குக்கிகளையும் கணக்கில் சேர்த்துப் பெரிய எண்ணாகக் காட்டும். அந்த எண்ணை மறுநாள் ஆபீசில் சொல்லி மகிழாத குடும்பத்தலைவர் அரிது. ஸ்பைபாட் வண்ணம் பிரித்துக் காட்டும்: உண்மையான ஆபத்து சிவப்பு, வெறும் பயன்பாட்டுத் தடயம் பச்சை. மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்பது 589-இன் மறுபாதி. இந்த நிரல்களில் இரண்டின் சொல்கூட எந்நாளும் ஒத்ததில்லை. ஆளுக்கொரு பட்டியல், ஆளுக்கொரு இலக்கணம். உரைகாரர்கள் இங்கே மௌனம் சாதிக்கிறார்கள்.

ஸ்பைபாட்டை எழுதிய பாட்ரிக் கொல்லா, அதை ஏன் இலவசமாகத் தருகிறார் என்பதற்கு உரிம ஒப்பந்தத்திலேயே காரணம் எழுதினார்: உலகிலேயே அற்புதமான பெண்ணுக்கு அது காணிக்கையாம். ‘ஐ அக்ரீ’ அழுத்திய கோடிக்கணக்கான விரல்களில் எத்தனை இதைப் படித்திருக்கும்? பொருட்பாலில் கிடந்த விஷயம் இந்த இடத்தில் காமத்துப்பாலுக்குள் நுழைவதால், திணை வகுக்கும் பணியைத் தகுந்தவர்களிடம் விட்டுவிடுகிறேன். அதே ஸ்பைபாட்டின் டீடைமர் என்ற காவலாளி, ரெஜிஸ்ட்ரியில் துரும்பு அசைந்தாலும் அனுமதிக்கலாமா என்று கேட்கும். தாத்தா எல்லாவற்றையும் அனுமதிப்பார். அப்பா எல்லாவற்றையும் மறுப்பார். இரண்டிலும் பிரிண்டர்தான் வேலை செய்யாமல் போகும்.

மறுதரப்பையும் சொல்ல வேண்டும். ஃபார்மேட் மரபினர் என்று ஒரு சாரார் உண்டு. தெருவுக்கு ஒருவர் வீதம் காணப்படும் இவர்கள், கணினியைத் திறப்பதற்கு முன்பே, “ஃபார்மேட் அடிச்சிரலாம் சார், சி டிரைவ் மட்டும்தான் போகும்” என்பார்கள். வாதம் நேர்த்தியானது. மை டாகுமெண்ட்ஸும் டெஸ்க்டாப்பும் சி டிரைவில்தான் இருக்கின்றன, கல்யாணப் போட்டோக்கள் அங்கேதான் கிடக்கின்றன என்பது மட்டுமே அதற்கு எதிரான சான்று.

போலி ஒற்றறிவோர் தனி ஆபத்து. ஸ்பைஷெரிஃப் போன்றவை ஸ்பைவேரை ஒழிப்பவராகவே வேடம் போட்டு வந்தவை. தேடுவது இலவசம், இல்லாத நோயெல்லாம் இருக்கும், நீக்கக் காசு கேட்கும். நிரலை அதைத் தயாரித்தவரின் தளத்திலிருந்தே இறக்க வேண்டும் என்ற விதி இதனால் ஏற்பட்டது. சிஸ்டம் ரீஸ்டோரின் மறுபிறவிக் கொள்கையையும் மறக்கலாகாது: அது பழைய நிலையைச் சேமிக்கும்போது ஒற்றனையும் பத்திரமாகச் சேமித்து வைக்கும். சுத்தம் செய்தபின் அதை ஒருமுறை அணைத்துப் பழைய பிரதிகளை ஒழித்துவிட்டு மீண்டும் இயக்க வேண்டும்.

2004 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஜயண்ட் என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் நிரலையே பின்னாளில் விண்டோஸ் டிஃபெண்டராக இலவசமாகக் கொடுத்தது. இத்துறையில் ஆய்வு மாணவர் சேர்க்கை அதன்பின் குறையத் தொடங்கியது.

எஞ்சியிருப்பது, நீக்கம் முழுமை அடைந்ததை எப்படி அறிவது என்ற கேள்வி. ஸ்கேன் முடிவு போதாது, வீட்டார் புகாரே சான்று என்பது எம் முடிவு. பாட்டு இறக்கும் கஸாவோடு சைடோர் என்ற விளம்பர நிரலும் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பிடுங்கினால் கஸா ஓடாது. எனவே முதல் புகார் மகனிடமிருந்து வரும். அடுத்து பேத்தி வந்து கொரில்லா எங்கே என்று கேட்பாள். அவள் அழுகை தாங்காமல் தாத்தா அதை மறுபடி இறக்கப் போவார். அப்போது அவர் எத்தனை முறை ‘நெக்ஸ்ட்’ அழுத்துகிறார் என்பது அடுத்த கட்டுரைக்கு உரியது.