ஆணி ஒரு தரம்... ஆணி ரெண்டு தரம்...

இணைய ஏலத்தின் அவதாரக் கதை தெரியுமா? அமெரிக்காவில் ஓர் இளைஞர். அவருடைய காதலிக்கு ‘பெஸ்’ மிட்டாய் டப்பாக்களைச் சேகரிக்கும் பித்து. சக பித்தர்களோடு அவள் டப்பா மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கட்டுமே என்று உருகிப்போய் காதலன் ஒரு வெப்சைட் கட்டினான். அதுதான் ஈபே! ஷாஜகானுக்குப் பிறகு காதலுக்காக இத்தனை பெரிய கட்டுமானத்தை யாரும் எழுப்பியதில்லை என்று பத்திரிகைகள் கண்கலங்கின.

காதலி நிஜம். டப்பா ஆசையும் நிஜம். அதற்காகத்தான் கம்பெனியே பிறந்தது என்பது மட்டும் சுத்த ரீல். 1997-ல் விளம்பர வேலை பார்த்த மேரி லூ சாங் என்ற பெண்மணி சுற்றியது. பாவம், அவரும் என்ன செய்வார்? ‘எல்லாருக்கும் சமமான, நேர்மையான சந்தை’ என்று உண்மையைச் சொன்னால் நிருபர்கள் கொட்டாவி விட்டார்களாம். 2002-ல் ஆடம் கோஹன் எழுதிய புத்தகத்தில் குட்டு உடைந்தது. அதற்குள் ஐந்து வருடம் உலகமே மிட்டாய் சப்பி முடித்திருந்தது.

நடந்தது இதைவிடத் தமாஷ். 1995 செப்டம்பர். அமெரிக்கத் தொழிலாளர் தின லீவு. ஊரே உல்லாசமாக இருக்க, நம் காதலன் பியர் ஒமிட்யார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பின்னாளில் ஈபே ஆகப்போகிற ‘ஆக்‌ஷன்வெப்’ என்று ஒன்றை எழுதி முடித்தார். அவருடைய அதே வெப்சைட்டில் எபோலா வைரஸ் பற்றிய பக்கமும் இருந்தது. ஏலம் கேட்க வந்தவர்கள் போகிற போக்கில் பீதியையும் இலவசமாக வாங்கிப் போகலாம்.

அதில் முதலில் போணியான சரக்கு, கெட்டுப்போன ஒரு லேசர் பாயின்டர். புது பேட்டரி போட்டும் எரியாத ஜென்மம். ‘உடைந்தது’ என்று சொல்லியேதான் போட்டார். 14.83 டாலருக்குப் போனது! ஒமிட்யாருக்கே மனசு கேட்கவில்லை. “அது வேலை செய்யாது, தெரியுமில்லையா?” என்று வாங்கியவருக்கு மெயில் போட்டார். “தெரியுமே, நான் உடைந்த லேசர் பாயின்டர்களைத்தான் சேகரிக்கிறேன்” என்று பதில் வந்தது. வேறு யாராக இருந்தாலும் பயந்து கடையை மூடியிருப்பார்கள். இவர் கோடீஸ்வரர் ஆனார்.

இப்படிப்பட்ட ஜனங்கள் நடமாடும் சந்தைக்கு மலையேறும் சாமான்கள் வராமல் இருக்குமா? டென்ட், ஸ்லீப்பிங் பேக், ஐஸ் கோடாரி என்று வந்து குவிந்தன. இமயமலைக் கனவோடு வாங்கி, மொட்டை மாடிகூட ஏறாத பூட்ஸ் எத்தனை! ‘டென்ட், ஒரே ஒரு தடவை உபயோகித்தது’ என்று போட்டிருக்கும். அந்த ஒரு தடவை ராத்திரி என்ன நடந்தது என்பதை மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை.

ஆனால் கெத்தான சரக்கு இந்தப் புதுக்கருக்கு அழியாத பூட்ஸ் அல்ல. அடிபட்டு, நசுங்கி, நிஜமான பாறையில் நிஜமான மனிதன் தொங்கிய சாமான். அதாவது, அடுத்தவன் பட்ட கஷ்டத்துக்கு நாம் கொடுக்கும் விலை. இந்தச் சந்தையின் குலதெய்வம் ஒருவர் இருக்கிறார்: பேடகோனியா கம்பெனியை ஆரம்பித்த இவோன் ஷுனார்ட். பொருள் விற்பதைத் தன் வாழ்நாள் முழுக்கத் தடுக்கப் பார்த்து, திரும்பத் திரும்பத் தோற்றுப்போன மகான்.

1957-ல் இவர் காயலான் கடையில் ஒரு பழைய கொல்லுலையை வாங்கினார். கூடவே பட்டறைக்கல், சம்மட்டி. அறுவடை இயந்திரத்தின் பழைய பிளேடைக் காய்ச்சி, பாறை விரிசலில் அடிக்கும் இரும்பு ஆணிகளைத் தானே செய்தார். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ஆணி. ஐரோப்பிய ஆணி 20 சென்ட்டுக்குக் கிடைத்த காலத்தில் இவருடையது ஒன்றரை டாலர். கடை? கார் டிக்கிதான். லாபம்? பூனைக்கென்று விற்கிற டின் மீனை, அதுவும் டப்பா நசுங்கியதால் மலிவாகப் போட்டதை, பெட்டி பெட்டியாக வாங்கித் தின்று ஏறிக்கொண்டிருந்தார். பூனைகள் இதைப் பற்றி என்ன நினைத்தன என்று வரலாறு பதிவு செய்யவில்லை.

ஒருமுறை கூட்ஸ் ரயிலில் ஓசிப் பயணம் செய்து அரிஸோனாவில் மாட்டினார். 18 நாள் ஜெயில். குற்றம் என்ன தெரியுமா? வருமானத்துக்கு வழியில்லாமல், குறிக்கோளும் இல்லாமல் சுற்றித் திரிந்தது! இன்றைக்கு அப்படிக் குறிக்கோள் இல்லாமல் சுற்ற வேண்டும் என்றால் அதற்கென்று விலை உயர்ந்த ஜாக்கெட் வேண்டியிருக்கிறது. அதை விற்பது அவர் ஆரம்பித்த கம்பெனிதான்.

1970 வாக்கில் அமெரிக்காவிலேயே மலையேறும் இரும்புச் சாமான்களை அதிகம் விற்பவர் என்ற நிலைக்கு வந்துவிட்டார். அப்போதுதான் மனிதருக்கு மனசாட்சி உறுத்தியது. ஒரே விரிசலில் ஆளுக்கு ஆள் ஆணியை அடிப்பதும் பிடுங்குவதுமாக இருந்ததில் யோசெமிட்டி பாறைகள் குழிவிழுந்து கிடந்தன. வியாபாரத்தில் பெரும்பங்கு அந்த ஆணிதான். இருந்தும் 1972 கேட்டலாகில் பக்கம் பக்கமாக எழுதிப் போட்டார்கள், இனிமேல் ஆணி வேண்டாம் என்று. நம் வடிவேலு பட்ட பாட்டுக்கு 29 வருடம் முன்பே, ஆணியே பிடுங்க வேண்டாம் என்று சொன்ன முதல் கான்ட்ராக்டர் இவர்தான். சுத்தியலே இல்லாமல், கையால் விரிசலில் செருகும் அலுமினியக் கட்டையைப் பயன்படுத்துங்கள் என்றார். என்ன தியாகம்! அந்தக் கட்டையும் அதே கேட்டலாகில், விலையோடு இருந்தது.

மகான் அடுத்த குண்டைப் போட்டது 2011 நவம்பர் 25. அமெரிக்கர்கள் கடைக் கதவை உடைத்துக்கொண்டு ஷாப்பிங் செய்யும் ‘பிளாக் ஃப்ரைடே’. நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்க விளம்பரம்: ‘இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்’. கீழே அவர்களுடைய ஜாக்கெட் படம். அதைத் தைக்க 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று குற்றப்பத்திரிகை வேறு. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தி.நகர் ஜவுளிக்கடை ஒன்று, ‘பட்டுப்புடவை எடுக்க வராதீங்க, பீரோவில் இருப்பதையே கட்டுங்க’ என்று பேப்பரில் முழுப் பக்கம் கொடுத்தால் எப்படி இருக்கும்! நடப்பதும் அதேதான் நடக்கும். அப்படி என்னதான் புடவை என்று கூட்டம் அம்மும். அடுத்த வருடம் பேடகோனியாவின் விற்பனை எகிறியது.

புதுசு வேண்டாம் என்றால் பழசு எங்கே கிடைக்கும்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. அதே 2011 செப்டம்பரில் ஈபேயோடு கைகோத்து, பழைய பேடகோனியா உடுப்புகளை விற்கத் தனிப் பக்கமே திறந்தார்கள். விற்க வருகிறவர், தேவையில்லாமல் எதையும் வாங்க மாட்டேன் என்று ஓர் உறுதிமொழி எடுத்துக்கொள்ள வேண்டும். ஏலக் கடை வாசலில் துறவு தீட்சை!

சரி, ஏலத்துக்குள் நுழைந்தவன் என்ன செய்கிறான்? ஒரு வாரம் சும்மா கிடந்துவிட்டு, கடைசி பத்து விநாடியில் பாய்ந்து விலை போடுகிறான். ‘ஸ்னைப்பிங்’ என்று பெயர். ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கென்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் இதை உட்கார்ந்து ஆராய்ந்து 2002-ல் கட்டுரை எழுதினார்கள். கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் தானாக நேரம் நீளும்படி வைத்திருந்த அமேசான் ஏலத்தில் இந்தப் பாய்ச்சல் குறைவு. டாண் என்று நேரத்துக்கு முடிகிற ஈபேயில் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு ராத்துக்கு நோபல் பரிசே கிடைத்தது. இதற்காக அல்ல, பயப்பட வேண்டாம்.

இந்தக் கலையை இன்டர்நெட் கண்டுபிடித்தது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 1662-ல் லண்டனில் பழைய கப்பல்களை மெழுகுவத்தி ஏற்றி வைத்து ஏலம் விட்டார்கள். திரி அணையும் கணத்தில் கடைசியாகக் கத்தியவனுக்குக் கப்பல். கடற்படை அதிகாரி சாமுவேல் பெப்பிஸ் வேடிக்கை பார்க்கிறார். ஒரு ஆசாமி மட்டும் அலட்டிக்கொள்ளாமல் நின்று, சரியான நொடியில் கேட்டு வாங்கிவிடுகிறான். ரகசியம் கேட்டால், சுடர் அணையப்போகும்போது புகை கீழ்நோக்கி இறங்குமாம். அதைப் பார்த்தால் போதுமாம். மற்ற எல்லாரும் கப்பலையும் போட்டியாளனையும் முறைத்துக்கொண்டிருக்க, இவன் புகையைப் பார்த்திருக்கிறான். பெப்பிஸ் இதை மெனக்கெட்டு டைரியில் எழுதி வைத்தார்.

இந்த உத்தி இன்றைக்குப் பயன்படுவது எதற்கு? ஷுனார்ட் தன் கையால் அடித்த அந்தப் பழைய ஆணிகளைப் பிடிப்பதற்கு. தயவுசெய்து உபயோகிக்காதீர்கள் என்று அவரே சொன்ன சாமானை, அவர் விற்றதைப் போலப் பல மடங்கு கொடுத்து, நடுராத்திரி கண் விழித்துத் தட்டித் தூக்குகிறார்கள். துரு இருந்தால் இன்னும் விசேஷம். பார்சல் வந்ததும் ஹாலில் மாட்டுவதற்குத் தோதான இடம் பார்க்கிறார்கள்.

மகானின் ஆணியைச் சுவரில் அடிக்க முடியுமா, மதிப்பு போய்விடுமே! ஆகவே கடைக்குப் போய், அதை மாட்டுவதற்கு இன்னொரு ஆணி வாங்கி வருகிறார்கள்.