வீசியெறிதலின் பொருளாதாரம்: பேஸ்பால் அட்டைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

விளையாட்டு வீரரின் படம் போட்ட ஒரு துண்டு அட்டைக்குக் கோடிக்கணக்கில் விலை எப்படி வருகிறது? வீரரின் புகழ் என்பார் ஒரு சாரார். அட்டையின் வயது என்பார் மற்றொரு சாரார். வாங்குபவருக்குப் பணம் செரிக்கவில்லை என்பார் வீட்டில் இருப்பவர்கள். மூன்றிலும் உண்மை உண்டு, ஆனால் மூன்றும் போதா. அட்டையைப் பொத்திப் பாதுகாத்தவரைவிட, அதன் உடன்பிறப்புகளைக் குப்பையில் கொட்டியவருக்கே விலையேற்றத்தில் பெரும்பங்கு உண்டு என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதற்சான்று அட்லாண்டிக் பெருங்கடலில் கிடக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் இயங்கிய டாப்ஸ் நிறுவனம், 1952இல் பபிள் கம்மோடு சேர்த்து விற்க 407 பேஸ்பால் அட்டைகள் கொண்ட தொகுப்பொன்றை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவர் சை பெர்கர். வேலை நடந்த இடம் அவர் வீட்டுச் சமையலறை மேசை. 311ஆம் எண்ணில் தொடங்கும் கடைசி வரிசை, பருவம் முடியும் தறுவாயில்தான் கடைக்கு வந்தது. பையன்களோ அதற்குள் அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவியிருந்தார்கள். சரக்கு கிடங்கில் தேங்கிவிட்டது. பெர்கர் அதைப் பொருட்காட்சிகளில் சில்லறைக் காசுக்குத் தள்ளிப் பார்த்தார், அங்கும் போணியாகவில்லை. கடைசியில் 1960இல், பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றி, நியூஜெர்சிக் கரைக்கு அப்பால் கொண்டுபோய்க் கடலில் கொட்டிவிட்டு வந்தார்.

அந்த 311ஆம் எண் மிக்கி மேன்டில். 2022 ஆகஸ்டில் அவருடைய அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 100 கோடி ரூபாய். விற்றவர் 1991இல் அதை 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார்.

அற்றேல், அது மேன்டிலின் முதல் அட்டை என்பதால் வந்த விலையன்றோ எனின், அன்று. முதல் அட்டையை ஓராண்டு முன்பே போமன் என்ற போட்டி நிறுவனம் போட்டுவிட்டது. அரிதென்பதாலோ எனின், அதுவும் முழு விடை ஆகாது. அச்சுத்தாளில் மேன்டில் இரண்டு இடத்தில் இருந்தார். அதே வரிசையில் ஒரே இடத்தில் இருந்த வீரர்களின் அட்டைகள் அவருடையதைவிடக் குறைவு. அவற்றுக்கு இந்த விலை இல்லை. எனவே கடலில் கொட்டினால் மட்டும் போதாது, கொட்டப்பட்டவர் மேன்டிலைப் போல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரமாகவும் இருக்க வேண்டும். இவ்விடத்தில் கோட்பாடு சற்று ஆட்டம் காண்பதை மறைப்பதற்கில்லை.

அதைத் தாங்கிப் பிடிப்பவர்கள் அமெரிக்க அம்மாக்கள். ஐம்பதுகளின் பையன்கள் அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினார்கள், சுவரோரம் சுண்டி விளையாடினார்கள், துணிக் கிளிப்பால் சைக்கிள் சக்கரக் கம்பியில் மாட்டிப் படபடவென்று மோட்டார் சைக்கிள் ஓசை எழுப்பினார்கள். இத்தனைக்கும் தப்பியவை செருப்புப் பெட்டிக்குள் போயின. மகன் கல்லூரிக்கோ பட்டாளத்துக்கோ போனதும், அறையை ஒழித்த அம்மா பெட்டியோடு தூக்கிப் போட்டார். இந்தத் தொண்டுக்கு எந்த ஏல நிறுவனமும் அவர்களுக்குக் கமிஷன் கொடுத்ததில்லை.

ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரர் விஷயத்தில் அம்மாவுக்கு வேலையே வைக்கவில்லை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் சிகரெட் பாக்கெட்டுகளில் வைத்த அட்டைகளில் தன் படம் வேண்டாம் என்று அவரே நிறுத்திவிட்டார். சிறுவர்கள் சிகரெட் வாங்கக் கூடாதென்ற நல்லெண்ணம் என்பது ஒரு கட்சி. பணம் தராத கோபம் என்பது எதிர்க்கட்சி. வாக்னருக்கே புகையிலை மெல்லும் பழக்கம் உண்டென்பது அவர்கள் வாதம். எப்படியானாலும் இன்று அறுபது அட்டை போலத்தான் தேறும். 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குப் போனது.

பாதுகாப்பவர்கள் மட்டும் யோக்கியமா? ஜெபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துணுக்குகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். முடக்குவாதம் வாட்டும் கையோடு ஆண்டுக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து, அவற்றை ஆல்பங்களில் பசை போட்டு ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார், மார்ச்சில் காலமானார். இன்று அட்டையின் முதுகில் பசை என்றாலே சந்தை முகம் சுளிக்கும்.

கத்திரிக்கோலின் கதை இன்னும் விசித்திரம். அட்டையின் முனை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தரும் நிறுவனம் பிஎஸ்ஏ. அது முதன்முதலில் மதிப்பெண் போட்டது ஒரு வாக்னருக்கு. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 1991இல் கூட்டாளி ஒருவரோடு 4,51,000 டாலருக்கு வாங்கிய அட்டை அது. கிடைத்த மதிப்பெண் 8. இத்தனை ஆண்டு ஆகியும் விளிம்பு இவ்வளவு கூர்மையா என்று பலர் முணுமுணுத்தார்கள். 2007இல் அது 28 லட்சம் டாலருக்கு விலைபோனது. 2013இல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலதாரர், விளிம்பை வெட்டியது தானே என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

கோட்பாட்டை எதிர்த்திசையில் சோதிக்கும் வாய்ப்பை எண்பதுகளின் இறுதி தந்தது. பழைய அட்டைகளின் விலைச் செய்தி வீட்டுக்கு வீடு பரவியது. ஒருவரும் எதையும் எறியவில்லை. அம்மாக்களே பெட்டி பெட்டியாக வாங்கிப் பரண்மேல் வைத்தார்கள். நிறுவனங்களும் கை வலிக்க அச்சடித்தன. விளைவு, அக்காலத்து அட்டைகளில் பெரும்பாலானவற்றை இன்று கிலோக் கணக்கில் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. சேகரிப்பாளர்கள் அந்தக் காலத்துக்கே குப்பைக் காலம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து தொழில்துறை பாடம் கற்றது. அம்மாவை நம்பாமல், ஒரே ஒரு பிரதி மட்டும் அச்சிடும் வழக்கம் வந்தது. அப்படி 2007-08 தொகுப்பில் வந்த அட்டை ஒன்றில் கூடைப்பந்து வீரர்கள் மைக்கேல் ஜோர்டன், கோபி பிரயன்ட் இருவரின் கையெழுத்தோடு, ஜெர்சிகளிலிருந்து வெட்டியெடுத்த சின்னங்களும் பதிக்கப்பட்டிருந்தன. 2025 ஆகஸ்டில் அது 1 கோடியே 29 லட்சம் டாலருக்குப் போய் மேன்டிலை முந்தியது.

அட்டைக்காகச் சட்டையை வெட்டும் கலையின் உச்சம் அதற்கும் முந்தியது. 2003இல் டான்ரஸ் நிறுவனம், பேஸ்பால் வீரர் பேப் ரூத் களத்தில் அணிந்த ஜெர்சி ஒன்றை 2,64,210 டாலருக்கு வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி, அட்டைகளில் ஒட்டி விற்றது. ரசிகர்கள் வயிறெரிந்தார்கள். எஞ்சிய ரூத் சட்டைகளின் கதி என்னாயிற்று எனின்: 1932 உலகத் தொடரில், பந்து போய் விழப்போகும் திசையை அவர் முன்கூட்டியே கைகாட்டினாரா இல்லையா என்று இன்றும் சண்டை நடக்கும் அந்த ஆட்டத்துச் சட்டை, 2024 ஆகஸ்டில் 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதன்மேல் இதுவரை யாரும் கத்திரிக்கோல் வைக்கவில்லை.