தங்கூஸ் பேராசிரியர்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில், மடியில் மடக்குத் தூண்டிலும் சட்டைப் பையில் நகவெட்டியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தால், பக்கத்துச் சீட்டு காலியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு தோட்டத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார். கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கு லயத்துக்கு வரும்போது மற்றவர்கள் உடுப்பும் பட்டாசும் கொண்டுவர, இவர் ஃபுளோரோகார்பன் நூல் கொண்டுவருவார்.

"தங்கூஸ்னு சொல்லாதீங்க மாமா. தங்கூஸ் நைலோன். இது வேற சாதி."

பாடம் அங்கேயே தொடங்கிவிடும். தண்ணீரின் ஒளிமுறிவு எண் 1.33. நைலோனுக்கு 1.5க்கு மேல். இதற்கு 1.42. ஆகவே மீன் கண்ணுக்கு நூல் அவ்வளவாகத் தெரியாது. நிரூபிக்க வேண்டுமே! தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்டீ வாங்கி, நூலை அதற்குள் விட்டார். "தெரியுதா?"

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அதுக்குள்ள ஆனைக்குட்டிய வுட்டாலும் தெரியாது தம்பி."

மழை பெய்து மலை மண் கரைந்து இறங்கிய நாளில் காசல்ரீ நீர்த்தேக்கத் தண்ணீரும் அதே நிறம்தான். பேராசிரியர் அசைந்துகொடுக்கவில்லை.

ஆள் பொய் சொல்கிறவர் அல்ல. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் சந்தைக்கு விட்ட சரக்கு அந்த நூல். நைலோன் ஊறி பலம் குறையும், இது ஊறாது. கல்லில் உரசினாலும் லேசில் பிய்யாது. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்கடியில் கிடக்கிறது. நீர் வற்றினால் கோயிலும் சுவரும் வெளியே வரும். அந்த இடிபாட்டுக்குள் முள்ளை இறக்குகிறவன் இவர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும்.

முடிச்சுப் போடும்போது மட்டும் பேச்சு நிற்கும். நூலை முள்ளின் காதில் கோத்து, ஐந்தாறு சுற்றுச் சுற்றி, நாக்கில் நனைத்து, மெல்ல மெல்ல இழுப்பார். "எச்சி தொடாம இறுக்கினா சூடேறி நூல் செத்துப்போகும்." அதுவும் உண்மை. மேல் நூல் 12 றாத்தல் என்றால் முள் கட்டும் துண்டு 8 றாத்தல். மாட்டினால் முள்ளோடு போகட்டும், தக்கை தப்பும். அதுவும் உண்மை.

வில்லங்கம் எங்கே என்றால், முள்ளுக்கு மேலே அரை மீட்டர் போட வேண்டிய நூலை ரீல் முழுக்க ஏற்றிவைத்திருப்பார். விறைத்த நூல், சுருள் சுருளாகத் துள்ளி விழும். நைலோனைவிடப் பாரம் கூட. மூழ்கி, தக்கையையும் சேர்த்து இழுக்கும். காலை முழுக்கச் சிக்கெடுப்பார், பாடத்தை மட்டும் நிறுத்தாமல்.

ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வெள்ளைக்காரன் விட்டுப்போன டிரவுட் உண்டு. தெளிந்த தண்ணீர், சந்தேகம் பிடித்த மீன். அந்த மீனுக்கு நடத்த வேண்டிய பாடத்தை இவர் ஜப்பான் மீனுக்கு நடத்துகிறார். 1952இல் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா அது. ரொட்டி மா உருண்டை இருந்தால் போதும், எந்த நூலில் வந்தது என்று விசாரிக்காது.

அவரிடம் மாட்டிக்கொண்டால் ஒன்று செய்யுங்கள். அரை மீட்டர் நூல் கேட்டு வாங்குங்கள், தாராளமாகத் தருவார். முடிச்சையும் அவரையே போட்டுத்தரச் சொல்லுங்கள். ரீலைக் கழற்றச் சொன்னால் மட்டும், பஸ் வந்துவிட்டது என்று எழுந்துவிடுங்கள்.