ரீசெற் அங்கிள்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை அடுக்குமாடிகள் உண்டோ, அத்தனையிலும் ஒரு ரீசெற் அங்கிள் இருப்பார். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு திணைக்களத்தின் பிரதம இலிகிதர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். காலையில் சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பார். மாலையில் மரைன் டிரைவில் நடப்பார். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் பாஸ்வேர்ட் மறப்பார்.

ஞாபகசக்தி குறைந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஊர்க் காணியின் நாலு எல்லையும் சொல்லுவார். உறுதி முடித்த நொத்தாரிசின் பெயர், உறுதியின் இலக்கம், சாட்சிக் கையெழுத்து வைத்தவர்களில் ஒருவர் பிறகு கோபித்துக்கொண்டு போன காரணம், எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். மறப்பது ஒன்றே ஒன்றைத்தான், அதுவும் நேற்று வைத்ததை.

அவர் ஜீமெயிலுக்குள் மற்றவர்கள் போகும் வழியால் போவதில்லை. ‘பாஸ்வேர்டை மறந்துவிட்டீர்களா?’ என்று கீழே சின்னதாக ஒரு வரி கிடக்கும் அல்லவா, அதுதான் அவருக்கு வாசல். அதை அழுத்தினால் மகனின் ரொறன்ரோ போனுக்கு ஆறு இலக்கக் கோட் ஒன்று போகும். இங்கே காலை பத்து மணி என்றால் கோடைகாலத்தில் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. மகன் கண்ணைத் திறக்காமலே இலக்கங்களை வாசிப்பான். அங்கிள் பல்கனியில் நின்று, மூன்றாம் மாடிக்கும் கேட்கிற மாதிரி, “அஞ்சோ ஒன்பதோ? வடிவாச் சொல்லு!” என்பார். கோட் காலாவதியாகும். இன்னொன்று போகும். கடைசியில் உள்ளே போய், பேத்தியின் நடனப் படத்தைப் பார்த்துவிட்டு, மறக்காமல் லொக் அவுட் செய்வார். “உள்ளுக்க நிண்டால் ஆரும் பூந்திடுவாங்கள் தம்பி.”

“எழுதி வைக்கிறதுதானே அங்கிள்?”

“எழுதித்தான் வச்சனான்.”

எழுதியது உண்மைதான். களவு போகாமலிருக்கப் பாதியை நகைக்கடைக் கலண்டரின் பின்பக்கத்திலும் மீதியை வாக்கிய பஞ்சாங்கத்திலும் எழுதியிருந்தார். புதுவருடம் பிறந்ததும் கலண்டர் போத்தல் பேப்பர்காரனோடு போய்விட்டது. பஞ்சாங்கம் இருக்கிறது. ஆனால் பாதிப் பாஸ்வேர்டுக்கு கூகிள் பாதிக் கதவைத் திறப்பதில்லையே.

“பெரிய எழுத்தாம், சின்ன எழுத்தாம், இலக்கமாம், குறியாம். உதைக் கண்டுபிடிச்சவன் ஆர்?” என்று ஒருநாள் லிஃப்டுக்குள் வைத்துக் கேட்டார். அமெரிக்க அரசாங்கத்தின் தரநிர்ணய நிறுவனத்தில் இருந்த பில் பர் என்பவர் 2003 இல் எழுதிய விதிகள் அவை. 2017 இல், ஓய்வுபெற்ற பிறகு, தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். அதே வருடம் அந்த நிறுவனமும் விதியைத் தளர்த்தியது. இதைச் சொன்னதும் அங்கிளின் முகம் மலர்ந்தது. “பென்சன் எடுத்த பிறகுதான் உவங்களுக்குப் புத்தி வாறது.”

போன மாதம் வழக்கமான வாசலும் அடைபட்டுவிட்டது. மகன் கொம்பனி மாற, நம்பரும் மாறிவிட்டது. கணக்கில் மிஞ்சியிருந்தது எடிசலாட் காலத்து 072 நம்பர் ஒன்று. எடிசலாட் 2018 இல் ஹட்சோடு சேர்ந்துவிட்டது. அங்கிளின் சிம் அதற்கு முன்னமே லாச்சிக்குள் கிடந்து செத்துவிட்டது. நெடுங்காலம் பாவிக்காத நம்பரைக் கொம்பனி சும்மா வைத்திருக்காது, இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். அந்த நம்பரில் இப்போது இருப்பவர் மாத்தறையில் ஒரு மீன் வியாபாரி. அங்கிள் தன் பழைய கந்தோர்ச் சிங்களத்தில் அவரோடு அரைமணி நேரம் பேசினார். இருவரும் சிநேகிதராகிவிட்டார்கள், பாரை மீன் அனுப்புவதாகக்கூட அவர் சொன்னார். கோட்டை மட்டும் சொல்லவில்லை. கோட்டை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அவருடைய வங்கி எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறதாம். இலங்கையில் அந்த எஸ்எம்எஸ்சை மதித்து நடக்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார், அவர் அங்கிளின் நம்பரில் இருக்கிறார்.

மாற்று மின்னஞ்சல் ஒன்றும் இருந்தது, ஹொட்மெயில். அதைத் திறந்தது வெள்ளவத்தையில் லொட்ஜுகளும் கொமினிக்கேஷன் கடைகளும் நிரம்பியிருந்த காலத்தில். விசாவுக்கு வந்தவர்கள் வெளிநாட்டுக் கோலுக்காக வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மெயில் ஐடி திறந்து தருவது கடைப் பெடியன்தான், பாஸ்வேர்ட் வைப்பதும் அவன்தான். பிற்காலத்தில் அங்கிள் ஜீமெயிலுக்கு ஹொட்மெயிலையும் ஹொட்மெயிலுக்கு ஜீமெயிலையும் மீட்பு முகவரியாகக் கொடுத்தார். மறியலில் கிடக்கும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பிணை நிற்பதைப் போன்ற ஏற்பாடு. போதாததற்கு ஹொட்மெயில், முதல் வளர்த்த நாயின் பெயர் என்ன என்று கேட்டது. யாழ்ப்பாணத்து நாய், வேறென்ன பெயர் இருக்கப்போகிறது, ஜிம்மிதான். ஆனால் ஆங்கிலத்தில் ஜிம்மியை எந்த எழுத்துகளால் கூட்டினார் என்பதில் அங்கிளுக்கும் அன்ரிக்கும் இன்றுவரை உடன்பாடில்லை.

இந்த இடத்தில்தான் ரீசெற் அங்கிளின் உண்மையான குணம் வெளிவரும். “இப்ப ஆரைப் பிடிக்கலாம்?”

அவருடைய அகராதியில் பூட்டிய கதவு என்று ஒன்று கிடையாது, தெரிந்த ஆள் இல்லாத கதவுதான் உண்டு. கச்சேரி, கடவுச்சீட்டு அலுவலகம், மின்சார சபை, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் ஆளைப் பிடித்தே கடந்தவர். கூகிளுக்கு மட்டும் ஆள் இல்லாமலா போகும்? “அதின்ர தலைவர் சுந்தர் பிச்சை மதுரையில பிறந்தவராம். மதுரையில என்ர சகலன்ர தம்பியார் வீடு வாங்கி இருக்கிறார்.” ‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று தொடங்கும் கடிதம் ஒன்று தயாரானது. கூடவே தேசிய அடையாள அட்டையின் பிரதி, அதில் சமாதான நீதவானின் முத்திரை. இவர் இப்பிரிவில் வசிப்பவர், நன்னடத்தையுள்ளவர் என்று கிராம சேவகர் தந்த அத்தாட்சிப் பத்திரம். எல்லாம் ஒரு நீலக் கோவையில். அதைக் கொடுக்கக் கவுண்டர் எங்கே என்பதுதான் தெரியவில்லை. காசு கட்டாத கணக்கைத் திறந்துவிட கூகிளில் போன் எடுத்துப் பேசும் மனிதர் எவரும் கிடையாது. திறந்து தருகிறேன் என்று யாராவது போன் எடுத்தால் அவன் கள்ளன்.

ஆளைப் பிடிக்க ஒரு செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனார். போகிற வழியில் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி. காணாமற்போனதைத் தேடித் தருபவர் என்பதால் சைவக்காரரும் அங்கே போவார்கள், அதில் புதுமை இல்லை. ஜம்பட்டா வீதியில் தெரிந்த முதலாளி ஒருவரின் கடை. கொட்டாஞ்சேனை முதலாளி வேறு இனம், அவருக்கு மறதி என்ற பேச்சே இல்லை. “அண்ணே, நமக்கு பாஸ்வேர்டே தெரியாது. கடைப் பையன்தான் வச்சான். இப்ப கட்டார்ல இருக்கான். தீபாவளிக்கு வருவான்.” இருந்தும் கடைக் கம்ப்யூட்டரில் அங்கிளின் கணக்கைத் திறக்கப் பார்த்தார்கள். புது இடம், புது இயந்திரம், பிழையான பாஸ்வேர்ட். கூகிள் சந்தேகம் கொண்டு, பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டது.

அங்கிள் தளரவில்லை. “அரசாங்கமே துலைச்சதடா, நான் எந்த மூலைக்கு?” அதுவும் நியாயம்தான். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் சொந்தக் கிளவுட்டைக் கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனவை போனவைதான். அந்த நாட்களுக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. நீலக் கோவை வைத்திருக்கும் அங்கிளுக்கு இதைப் பற்றிப் பேச முழு உரிமை உண்டு.

கடைசியில் வழி பிறந்தது டீவிக்குக் கீழே. பேரன் விட்டுப்போன பழைய டப்லட் ஒன்று. புதுப் போன் வாங்கும்வரை அங்கிள் அதில்தான் மெயில் பார்த்தவர். பேப்பர்காரனுக்கென்று எடுத்து வைத்திருந்தார். வழக்கமாகப் பாவித்த கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து முயலுங்கள் என்று கூகிளே சொல்கிறது. சார்ஜரைத் தேடிப் பிடித்து, வீட்டு வைஃபையில் போட்டோம். ஞாபகமுள்ள பழைய பாஸ்வேர்ட் ஏதாவது உண்டா என்று கேட்டது. அங்கிள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஊர்க் காணியின் உறுதி இலக்கத்தை அடித்தார். கொஞ்சம் காக்கவைத்துவிட்டுத் திறந்துகொண்டது.

“பாத்தியே? தெரிஞ்ச ஆள் ஒண்டு இருந்தால் எல்லாம் நடக்கும்,” என்று டப்லட்டின் முதுகில் தட்டினார். எனக்கு மறுத்துப் பேச வாயில்லை. கூகிளும் ஆள் பார்த்துத்தான் கதவு திறக்கிறது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இதை வாசிக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை அப்பாவோடு வீடியோ கோலில் பேசும்போது, சாப்பிட்டீங்களா என்று கேட்ட கையோடு அவருடைய கணக்கில் கிடக்கும் பழைய 072 நம்பரை எடுத்துவிடுங்கள். இரண்டடுக்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்தால், கூகிள் தரும் பத்து மாற்றுக் கோட்டுகளையும் பேப்பரில் அச்சடித்துக் காணி உறுதியோடு வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். லொக் அவுட் செய்தவர் இரண்டு வருடம் உள்ளே போகாவிட்டால் கணக்கை, பேத்தியின் நடனப் படங்களோடு சேர்த்து, கூகிள் அழித்துவிடலாம். அந்த விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.