சிலபஸ் தேடும் ஸ்காலர்

ஜூலை கடைசியில் சென்னை ஐஐடி வளாகத்துக்குள் நின்று நிதானித்து மானைப் போட்டோ எடுப்பவர் யாரென்று பார்த்தால், அநேகமாக முதலாண்டு ஸ்காலராக இருப்பார். இரண்டாம் ஆண்டு ஸ்காலர் மானைப் பார்த்து நிற்பதில்லை, மெஸ் மூடிவிடும். கம்ப்யூட்டர் சயன்ஸ் துறையின் அறிமுகக் கூட்டத்துக்கு நம்மவர் கால்மணி நேரம் முன்னதாகவே வந்து, புது நோட்டும் இரண்டு நிறப் பேனாவுமாக முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்வார். "ஆராய்ச்சியில் யாரும் உங்களுக்குக் கேள்வித்தாள் தரமாட்டார்கள், கேள்வியையே நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்" என்று மேடையில் பேராசிரியர் ஒருவர் சொல்வார். அதையும் எண் போட்டு எழுதி, சிவப்பில் அடிக்கோடு போட்டுவிட்டு, கேள்வி நேரம் வந்ததும் முதல் ஆளாகக் கை தூக்குவார்: "சார், காம்ப்ரிஹென்சிவ் எக்ஸாமுக்குப் போன வருஷத்துக் கொஸ்டின் பேப்பர் எங்க கிடைக்கும்?"

பாவம், ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துத்தான் மற்றவர்கள் இவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். விஷயம் நேர்மாறு என்பது என் கட்சி. லட்சக்கணக்கானோர் எழுதும் கேட் தேர்வில் முன்னால் வந்தவர் இவர். எல்.கே.ஜி.யிலிருந்து இன்றுவரை இவர் எழுதிய ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு பாடத்திட்டம் இருந்தது, அந்தப் பாடத்திட்டத்துக்கு ஒரு கடைசிப் பக்கம் இருந்தது, சரியான விடை எங்கோ ஒரு வாத்தியாரின் அலமாரியில் பத்திரமாக இருந்தது. முழுக்கப் படித்து முடித்தவன் ஜெயிப்பான் என்பது அந்த உலகத்தின் சட்டம். இவர் அந்தச் சட்டப்படி நடந்து ஜெயித்தவர். அவரைச் சிரிப்புக்குரியவராக ஆக்குவது இந்தப் பழைய வெற்றிதான். ஆராய்ச்சியையும் முதலில் படித்து முடித்துவிட்டு, அப்புறம் செய்யலாம் என்று அவர் மனதார நம்புகிறார்.

அவருடைய லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் போதும். 'படிக்கணும்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'கட்டாயம் படிக்கணும்'. அதற்கும் உள்ளே 'இந்த வாரம்'. அது உருவான தேதி மூன்று மாதத்துக்கு முந்தியது. தேதி குறிக்காத கல்யாணத்துக்குப் பவுன் பவுனாக நகை சேர்க்கிற வீடு மாதிரி பிடிஎஃப்கள் குவிந்துகொண்டே போகின்றன. 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரையை எடுத்தால், அது மேற்கோள் காட்டும் கட்டுரைகளைப் படிக்காமல் எப்படி மேலே போவது? அவற்றைத் திறந்தால் அவை காட்டுவது இன்னும் பழசு. இப்படியே பின்னோக்கி நடந்து ஒரு நாள் கணினியியல் முன்னோடி டூரிங்கின் 1936 கட்டுரைக்கு வந்து நின்றுவிடுவார். வாராந்திர மீட்டிங்கில் கைடு, "என்னப்பா, அந்த பேஸ்லைன் ஓடுச்சா?" என்று கேட்பார். "இல்ல சார், அதுக்கு முன்னாடி லினியர் அல்ஜீப்ராவை ஒரு தடவை முழுசா ரிவைஸ் பண்ணிடலாம்னு இருக்கேன் சார்." அடுத்த வாரம் உபுண்டுவை அழித்துவிட்டு வேறொரு லினக்ஸ் போட்டிருப்பார். அதற்கடுத்த வாரம் லேடெக்கில் ஆய்வேட்டின் டெம்ப்ளேட் தயார்: முகப்பு, நன்றியுரை, ஏழு அத்தியாயத் தலைப்புகள். அம்மா அப்பாவுக்கான சமர்ப்பணம் மட்டும் எழுதி முடித்தாகிவிட்டது.

இந்த இடத்தில் அவருக்கு ஒரு நல்ல வக்கீல் உண்டு: கணினி அறிஞர் டொனால்ட் நூத். தன் புத்தகத்தின் அச்சுப் படிவம் அழகாக இல்லையென்று 1977இல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுத உட்கார்ந்து, ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து, பத்து வருஷத்துக்கு மேல் அதிலேயே கழித்தவர் அவர். அந்த மேதையே கருவிக்காக நின்றாரே என்று நம் ஸ்காலர் கேட்பார். நின்றார்தான். ஆனால் அதற்குள் அந்தப் புத்தகத்தின் மூன்று பெரிய தொகுதிகள் வெளியாகி, 1974இல் டூரிங் விருதும் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. விருது வந்த பிறகு நம்மவரும் தாராளமாக ஃபான்ட் மாற்றட்டும்.

என் கட்சிக்குச் சாட்சி சரித்திரத்தில் இருக்கிறது. 1939இல் பெர்க்லியில் ஆய்வு மாணவர் ஜார்ஜ் டான்ட்சிக் வகுப்புக்குத் தாமதமாகப் போனார். கரும்பலகையில் இருந்த இரண்டு கணக்குகளை வீட்டுப்பாடம் என்று எழுதிக்கொண்டு வந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறதே என்று முனகியபடி சில நாளில் செய்தும் கொடுத்துவிட்டார். இரண்டும் புள்ளியியலில் அதுவரை தீராமல் கிடந்தவை. பின்னாளில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று அவர் கவலைப்பட்டபோது, அந்த இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடு, போதும் என்றார் பேராசிரியர் நெய்மன். எம்ஐடி மாணவர் டேவிட் ஹஃப்மனின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1951இல் ராபர்ட் ஃபேனோ தன் வகுப்பில், ஒன்று கட்டுரை எழுதுங்கள், இல்லையேல் தேர்வு எழுதுங்கள் என்று சலுகை கொடுத்தார். தேர்வுக்குப் பயந்து கட்டுரையைத் தேர்ந்தெடுத்தவர் ஹஃப்மன். தகவலை மிகக் குறைந்த பிட்களில் குறியிடுவது எப்படி என்று கேட்ட கேள்வி, தனக்கும் தகவல் கோட்பாட்டின் தந்தை ஷானனுக்குமே முழுசாகப் பிடிபடாதது என்பதை ஃபேனோ சொல்லவில்லை. மாதக்கணக்கில் முட்டிமோதி, சரி, தேர்வுக்கே படிக்கலாம் என்று குறிப்புகளைத் தூக்கிப் போடப்போன நேரத்தில் விடை தட்டியது. இன்றைய ஜிப் கோப்பிலும் ஜேபெக் படத்திலும் இருப்பது அந்த முறைதான். இவர்கள் நம் ஸ்காலர் போல முதலில் எல்லாவற்றையும் படித்திருந்தால், இவை தீராத கணக்குகள் என்பதையும் படித்திருப்பார்கள். மரியாதையாகத் தள்ளி நின்றிருப்பார்கள்.

அப்படியானால் படிக்கவே வேண்டாமா, ஏற்கெனவே கண்டுபிடித்ததையே மறுபடி கண்டுபிடித்துக்கொண்டு நிற்பதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எனக்கு எதிரான சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. 2002இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் ஓர் எண் பகா எண்தானா என்பதை விரைவாகவும் ஐயமறவும் சோதிக்கும் வழியைக் கொடுத்தார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்தவர்கள். அவர்கள் காற்றில் குதிக்கவில்லை. அகர்வாலின் முந்தைய வேலையையும், முன்பிருந்த மாணவர்கள் விட்ட இடத்தையும் பிடித்துக்கொண்டு போனார்கள். படிப்பு தேவை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். ஆனால் அவர்கள் கையில் ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்விக்கு வேண்டியதைப் படித்தார்கள். கணினி அறிஞர் எஸ்.கேசவ் 2007இல் எழுதிய, கட்டுரைகளைப் படிப்பது எப்படி என்ற குட்டிக் கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது: முதல் சுற்றில் தலைப்பு, முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று பத்து நிமிஷம் பார், வேண்டாத கட்டுரைகளை அங்கேயே இறக்கி வை. இரண்டே தாளில் அடங்கும் அந்தக் கட்டுரையை நம்மவர் மூன்று வண்ண ஹைலைட்டரால் வரிக்கு வரி படித்து முடித்திருக்கிறார்.

பயம்தான் காரணம் என்று பரிவோடு சொல்பவர்களும் உண்டு. மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையில் இருப்பவருக்கு, கூடப் படித்தவன் கார் வாங்கிய செய்தி வாட்ஸப்பில் வருகிறது, வீட்டில் "எப்பப்பா முடியும்?" என்று கேட்கிறார்கள். தப்பு நேரக்கூடாது என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு படித்தாலும் முழு மார்க் கிடைக்காத துறை இது. 2014இல் நியூரிப்ஸ் என்ற இயந்திரக் கற்றல் மாநாட்டுக்கு வந்த கட்டுரைகளில் 166ஐ இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கில் ஒன்றுக்கு மேல் தீர்ப்பு வேறுபட்டது; ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேல் இன்னொரு குழு தள்ளிவிட்டது. திருத்துகிறவர்களிடமே விடைத்தாள் இல்லை என்று ஆனபிறகு யாருக்காகப் பயப்படுவது?

அறிமுகக் கூட்டத்தில் உரை நிகழ்த்துவதைக் குறைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பழைய கட்டுரையைக் கொடுத்து, இதன் இரண்டாம் அட்டவணையை வெள்ளிக்கிழமைக்குள் நீயே ஓட்டிக் கொண்டுவா என்று அனுப்பலாம். குமாஸ்தா வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். செவ்வாய் வரை அப்படித்தான் இருக்கும். புதன்கிழமை எண் பொருந்தாது, கட்டுரையில் 91.4 என்றிருக்கும், இவருக்கு 87 வரும். முதலில் தன் மேலேயே சந்தேகப்படுவார், அதுதானே பழக்கம். பிறகு ரேண்டம் சீடை மாற்றுவார், டேட்டாசெட்டின் எந்தப் பதிப்பு என்று தேடுவார், ஆசிரியருக்கு மெயில் போடுவார், அது திரும்பி வரும். வியாழன் ராத்திரி பதினொரு மணிக்கு சீனியரை எழுப்பி, "அண்ணா, இவங்க டெஸ்ட் டேட்டாவையும் சேர்த்து ட்ரெய்ன் பண்ணிட்டாங்களோ?" என்று கேட்பார். அந்த வாரம் ஒரு பிடிஎஃப்கூட இறக்கியிருக்கமாட்டார்; நேரம் இருந்திருக்காது.