சேகர கமிட்டிக்கு ஒரு பண்டிகை விண்ணப்பம்

கர்த்தருக்குள் அன்பான செயலாளர் அண்ணாச்சி அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு கோயில் வாசலில் கொடுத்த பண்டிகைக்கால நிகழ்ச்சி நிரல் கிடைத்தது. வழவழ காகிதம், நாலு கலர், கமிட்டி அங்கத்தினர் எல்லாருடைய பாஸ்போர்ட் போட்டோ. எல்லாருக்கும் மீசை இருக்கிறது. ஓரத்தில் பாலகன் இயேசுவும் இருக்கிறார். சந்தோஷம்.

நிரலை அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்துப் படித்தேன். டிசம்பர் 23 ராத்திரி பஜனை. 24 சாயங்காலம் கிறிஸ்துமஸ் மர விழா, அது முடிந்து வாலிபர் சங்க நாடகம். 25 அதிகாலை 4 மணிக்குப் பண்டிகை ஆராதனை, திருவிருந்து, ஏலம். மாலையில் பாட்டுப் போட்டி. 26 விளையாட்டு. 27 தொடங்கி மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். 31 ராத்திரி பதினொன்றரைக்கு வருஷக் கடைசி ஆராதனை. விடிந்தால் புத்தாண்டு ஆராதனை. பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட எங்கே இடம் என்று தேடினேன். 25 மத்தியானம் ஒன்றரையிலிருந்து நாலு வரை ஒன்றும் போடவில்லை. அச்சுப்பிழை என்றால், தயவுசெய்து திருத்திவிடாதீர்கள்.

எழுப்புதல் கூட்டத்துக்கு இந்த வருஷத் தலைப்பு ‘குடும்பமாய்க் கூடி மகிழ்வோம்’. நல்ல தலைப்பு. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்க வேண்டிய என் குடும்பம் அதற்குள் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறியிருக்கும். ரயிலில் முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னாலேயே டிக்கெட் போடலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள். எப்படிப் பார்த்தாலும் பெங்களூரில் இருக்கிற மகளும் சென்னையில் இருக்கிற மகனும் அக்டோபரிலேயே போக வரப் பதிந்துவிட வேண்டும். கமிட்டி நிரலை டிசம்பர் இரண்டாம் ஞாயிறுதான் வெளியிடுகிறது. ரயில்வேக்கு இருக்கிற தீர்க்கதரிசனம் சேகரத்துக்கு இல்லையே என்பது என் தாழ்மையான வருத்தம்.

பஜனையைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று என் மாமியார் சொல்வார்கள். ஆகவே குறை இல்லை, தகவல் மட்டும். எங்கள் தெருவுக்கு பஜனை வரும்போது மணி இரண்டரை. லோடு ஆட்டோவில் ஜெனரேட்டர், அதன்மேல் இரண்டு ஸ்பீக்கர், பின்னால் கிறிஸ்துமஸ் தாத்தா. போன வருஷம் அந்தத் தாத்தாவைப் பார்த்து என் பேரன் வீறிட்டு அழுததில் முகமூடியைக் கழற்றி, “ஏல, நான்தாம்ல, டீக்கடை மாமா” என்று அவர் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சுக்குக் காப்பி போட ஒருத்தி முழித்திருக்க வேண்டும் என்று நிரலில் இல்லை. நாமாகவே புரிந்துகொள்ள வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பண்டிகைக்காக அரசு சலுகை கொடுத்தாலும் நள்ளிரவு வரைதான். சட்டம் காட்டிப் பயமுறுத்தவில்லை அண்ணாச்சி. தொண்டையால் பாடினாலே கேட்கும் அளவுக்குத்தான் நம் தெரு அகலம்.

ஏலத்துக்கு வருவோம். போன வருஷம் காணிக்கையாக வந்த சேவலை என் மகன் ஒரு ஆட்டுக்குட்டி விலைக்கு எடுத்தான். “சென்னை சாஃப்ட்வேர்” என்று மைக்கில் அவனை விளித்தபின் வேறென்ன செய்வான்? நான் வீட்டுக்கு ஓடித் தோசை சுட்டு, கறிக்குழம்பைச் சூடுபண்ணி வைத்திருந்தேன். அவன் வந்தபோது தோசை விறைத்துப்போயிருந்தது.

31 ராத்திரி விழித்திருப்பது பழைய வழக்கம்தான், மறுக்கவில்லை. மொரேவியர்களிடமிருந்து வந்தது, 1740-களில் ஜான் வெஸ்லி மெதடிஸ்டுகளுக்குள் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் முன்பு குடித்துக் கழித்த ராத்திரிகளை ஜெபத்தில் கழிக்க ஆரம்பித்ததுதான் மெதடிஸ்டுகளிடம் அதற்குத் தொடக்கம். வெஸ்லி அதைப் பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமைகளில் வைத்தார், ஜனங்கள் வீடு திரும்ப வெளிச்சம் வேண்டுமே என்று. வருகிறவன் திரும்பிப் போகவும் வேண்டும் என்று யோசித்த அந்த ஒரு மனுஷனை நம் கமிட்டியில் போட முடிந்தால் நன்றாயிருக்கும்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை விஷயமும் உண்டு. போன வருஷம் தட்டிலிருந்து நான் எடுத்த அட்டை, வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களுக்கு இளைப்பாறுதல் தருவது பற்றியது. பன்னிரண்டு மாதமாகக் காத்திருக்கிறேன். ஆண்டவர் வாக்கு மாறுகிறவர் அல்ல. நடுவில் தடுத்தது கமிட்டி என்று சாட்சி நேரத்தில் எழுந்து சொல்லும்படி என்னை ஆக்கிவிடாதீர்கள்.

வருகிற வருஷத்துக்கு என் விண்ணப்பம் சின்னதுதான். நிரலை அக்டோபர் முதல் ஞாயிறே கொடுங்கள். பஜனையைப் பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். 25 ஆராதனை முடிந்ததிலிருந்து 26 இரவுவரை மைக்கைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். நிரல் போடுகிற கூட்டத்துக்கு, மாவாட்டுகிற கை ஒன்றையாவது கூப்பிடுங்கள். மாதர் சங்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு.

முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் இத்துடன் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சேவல் ஏலப் பாக்கியை ஜனவரிச் சங்கக் காணிக்கையோடு கட்டிவிடுகிறேன் என்று பொருளாளரிடம் சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் தூங்கி விழும் சபை அங்கத்தினர்